மேலே படாத அடி

என் தம்பியைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் யாரைக் கேட்டாலும், "மாஸ்டரா? ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷன்" என்பார்கள். கேட்கும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். நாடகத் துறையின் பின்னறையில் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டு கூடப் பிறந்தவள் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் வந்து கேட்க ஒருவருக்கும் தோன்றியதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எங்கள் அப்பாவுக்கு அடிக்கக் காரணம் வேண்டியதில்லை. உப்புக் குறைந்தால் அடி, கூடினால் அடி, சரியாக இருந்தால் ஏன் பேசாமல் சாப்பிடுகிறீர்கள் என்று அடி. அவர் பெல்ட்டைக் கழற்றும் சத்தம் கேட்டதும் தம்பி என்னைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு முன்னால் போய் நிற்பான். அப்படி வாங்கியதையெல்லாம் பிற்பாடு ஊருக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்தான். லாரிக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனவன், கொஞ்ச நாளில் மூட்டையை விட்டுவிட்டு ஆட்களைத் தூக்க ஆரம்பித்தான். அங்கே அவனுக்கு 'இடி' என்று பெயர். எந்த லாரியை முதலில் இறக்குவது என்ற அற்பச் சண்டையில் ஒருவனை இரும்புக் கம்பியால் அடித்தான். அந்த ஆள் பிழைத்துக்கொண்டான், ஆனால் அதற்கப்புறம் நிமிர்ந்து நடக்கவே இல்லை. தம்பி சிறைக்குப் போனான்.

பார்க்கப் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "அக்கா, அவன் கீழ விழுந்ததுக்கு அப்புறமும் அடிச்சேன்கா. ஏன்னே தெரியல" என்றான்.

"பேசாதடா பாவி" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன்.

அந்தச் சிறைக்குள் கைதிகளை வைத்து நாடகம் போட ஒரு பேராசிரியை வந்தார். ஒல்லி உடம்பு, கட்டைக் குரல், எவனுக்கும் பயப்படாத அம்மா. முதல் நாளே என் தம்பியைக் கூப்பிட்டு, "நீ நல்லா அடிப்பியாமே? எங்க, மேலே படாம அடி பார்ப்போம்" என்றாராம். இவன் ஓங்கினான். எதிரில் நின்ற கைதியின் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. அந்தம்மா அடுத்த வாரமும் வந்து, "மறுபடியும்" என்றார். மாதக்கணக்கில் அதே கதைதான். கடைசியில் ஒரு நாள் முழு வேகத்தில் போன கை, எதிராளியின் முகத்துக்கு ஒரு கையகலம் முன்னால் அசையாமல் நின்றது. "அக்கா, அடிக்கிறதைவிட நிறுத்துறதுக்குத்தான்கா தெம்பு நிறைய வேணும்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெளியே வந்ததும் அந்தம்மாவே அவனைப் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குள் நாடகத் துறைத் தலைவர் ஆகியிருந்தார். மாணவர்களுக்கு மேடைச் சண்டை சொல்லிக்கொடுக்கிற வேலை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "இங்க யார் மேலயாவது உன் விரல் பட்டுச்சுன்னா, அன்னிக்கே நீ வெளியே. நான் அழுதுகிட்டே அனுப்புவேன், ஆனா அனுப்பிடுவேன்." தம்பி தலையாட்டினான். அந்த வேலை போனால் அவனுக்கு வேறு வேலை கிடைக்காது என்பதல்ல விஷயம். அந்த ஒத்திகைக் கூடத்துக்கு வெளியே அவன் மறுபடி 'இடி'தான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

மேடைச் சண்டையை அவன் சொல்லித் தரும் அழகே தனி. ஓங்குவதற்கு முன் எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். அவர் இமையால் 'சரி' என்று காட்டிய பிறகுதான் கை கிளம்ப வேண்டும். ஒரு கையகலம் முன்னால் நின்றுவிட வேண்டும். அடி வாங்குபவர்தான் சத்தம் கொடுத்து விழுவார். விழுந்ததும் உள்ளங்கையால் தரையைத் தட்ட வேண்டும், எனக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். தட்டும் சத்தம் கேட்கும்வரை கூடத்தில் ஒருவரும் நகரக்கூடாது. வருஷக்கணக்காக இதே பல்லவிதான். படிப்பு முடித்துப் போனவர்கள்கூட எங்கேயாவது அவனைப் பார்த்தால் ஓங்கிக் குத்துவார்கள். கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

என் வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். என் மகளைத் தோளில் போட்டு வளர்த்தவன் தம்பிதான். கல்யாணப் பேச்சை எடுத்தால், "எனக்கெல்லாம் யாருக்கா பொண்ணு குடுப்பா, விடு" என்று நழுவிவிடுவான். மகள் மெலிந்த உடம்புக்காரி, வாய் மட்டும் ஓயாது. குருவி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் நாடகத் துறையிலேயே வந்து சேர்ந்தபோது மாமனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வகுப்பில் மற்றவர்களைவிட அவளைத்தான் வறுத்தெடுப்பான். அந்த வருஷ நாடகத்தில் அவள் அடிபட்டு அலறி விழ வேண்டும். "வாயிலேருந்து கத்தாதே, வயித்திலேருந்து கத்து" என்று தினமும் மதியம் அவளைக் கத்த வைத்தான். "போங்க மாமா, கத்திக் கத்தித் தொண்டையே கிழிஞ்சிருச்சு" என்று அவனிடம் சிணுங்கிவிட்டு என்னிடம் வந்து வெந்நீர் வாங்கிக் குடிப்பாள்.

கலை வாரம் நெருங்கியது. கலை வாரம் என்றாலே எங்கள் வளாகத்தில் கலை பாதி, கைகலப்பு பாதி. மாணவர் சங்கத் தேர்தலும் அதை ஒட்டியே வரும். அதற்கு முந்தின வருஷம் சுவரொட்டி ஒட்டுகிற தகராறில் நூலகத்துக் கண்ணாடிக் கதவு தூள்தூளாகப் போய், ஒருவனுக்குக் கை நரம்பு அறுந்தது. பைக்கைக் கொளுத்தினார்கள். விடுதி மாடியிலிருந்து நாற்காலியைத் தூக்கி எறிந்தார்கள். இதற்கெல்லாம் முன்னால் நிற்பவன் சங்கச் செயலாளர். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடமாட்டார்கள், 'செயலாளர்' என்றால் போதும், சைக்கிள் நிறுத்துமிடத்தில்கூடப் பேச்சு நின்றுவிடும்.

அவனும் ஒரு காலத்தில் என் தம்பியிடம் படித்தவன்தான். நல்ல உயரம், நல்ல குரல். ஒருநாள் ஒத்திகையில் கையை நிறுத்தாமல் ஒரு பையனின் காதோடு சேர்த்து அறைந்துவிட்டான். கேட்டதற்கு, "ஒரு தடவை நிஜமா பட்டாத்தானே மாஸ்டர் சீன் நல்லா வரும்?" என்று சிரித்தான். தம்பி கதவைத் திறந்து வெளியே கையைக் காட்டினான். அதற்கப்புறம் அவன் கூடத்துப் பக்கம் வரவில்லை, சங்கத்துக்குப் போய்விட்டான்.

அந்த வருஷம் கலை வாரத்தின் கடைசி நாள் பெரிய அரங்கம் யாருக்கு என்று பிரச்சினை வந்தது. சங்கம் வெளியூரிலிருந்து ஒரு பாட்டுக் கோஷ்டியைக் கொண்டுவரப் போவதாக ஏற்கெனவே தம்பட்டம் அடித்திருந்தது. துறைத் தலைவர் அம்மா அரங்கத்தை நாடகத்துக்கு வாங்கிவிட்டார். செயலாளர் வராந்தாவில் குருவியை மறித்து, "நாடகத்தை வேற நாளைக்கு மாத்திக்கங்க. நல்லதுக்குச் சொல்றேன்" என்றான்.

"மாத்த மாட்டோம். வேணும்னா முதல் வரிசையில உனக்கு ஒரு சீட்டு போட்டு வைக்கிறேன்" என்றாளாம் இவள். வாய் சும்மா இருக்குமா? என் பெண்ணாயிற்றே.

மறுநாள் மதியம் தம்பி என் தையலறையில் இருந்தான். ராஜா வேஷம் போடும் பையன் ஓங்கும்போது அங்கி அக்குளில் பிடிக்கிறது என்று பிரித்துத் தைக்கச் சொல்லி, டீயோடு உட்கார்ந்திருந்தான். கூடத்தில் பிள்ளைகளைத் தாங்களாகவே ஒத்திகை பார்க்கச் சொல்லியிருந்தான். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். திடீரென்று அந்தப் பக்கம் தடதடவென்று காலடிச் சத்தம், ஏதோ சாய்ந்தது, கூச்சல். நாங்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. அந்தக் கூடத்தில் தினமும் கேட்கிற சத்தம்தானே. வாசல் காவலாளிக்கும் அது பழகிப்போயிற்று, கூக்குரல் கேட்டால் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

அப்போது குருவி அலறினாள். அடிவயிற்றிலிருந்து வந்த அலறல்.

தம்பி டீ டம்ளரைக் கீழே வைத்தான். முகமெல்லாம் பூரித்துப்போயிற்று. "கேட்டியாக்கா? வந்துடுச்சு பாரு! இத்தனை நாள் இதுக்குத்தான் மண்டைய உடைச்சுக்கிட்டேன்" என்றான். நானும் சிரித்தேன். கடவுளே, நானும் சிரித்தேன்.

அவன் ஒரு விரலைத் தூக்கிக் காத்திருந்தான். தரையைத் தட்டும் சத்தம் வர வேண்டும். வரவில்லை. அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. மறுபடி ஒரு அடி விழும் சத்தம் கேட்டது. கட்டை எலும்பில் விழுந்தால் வரும் சத்தத்தை எங்கள் இரண்டு பேருக்கும் சின்ன வயசிலிருந்தே தெரியும். டம்ளர் உருண்டது. அவன் ஓடினான், நான் பின்னாலேயே ஓடினேன்.

கூடத்தில் நான் பார்த்ததை எப்படிச் சொல்ல? செயலாளரின் ஆட்கள் ஹாக்கி மட்டையும் இரும்புக் குழாயுமாக நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் பயந்து ஓடவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நின்று சண்டை போட்டார்கள், கற்றுக்கொண்ட மாதிரியே போட்டார்கள். ராஜா வேஷக்காரப் பையன் நல்ல வாட்டசாட்டமானவன். எதிரியின் கண்ணைப் பார்த்தான், அவன் 'சரி' சொல்வான் என்று அரை நொடி நின்றான், அந்த அரை நொடியில் குழாய் அவன் முழங்காலில் இறங்கியது. இன்னொரு பெண் ஓங்கிக் குத்தினாள். அவள் கை அந்தத் தடியன் மூக்குக்கு ஒரு கையகலம் முன்னால் நின்றது. தானாக நின்றது. அவள் தன் கையையே பார்த்து, "போ, போய் அடிச்சுத் தொலையேன்" என்று அழுதாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். எங்கு பார்த்தாலும் காற்றில் நிற்கிற கைகள். பிள்ளைகள் ஒவ்வொருவராக அடி வாங்கி விழுந்துகொண்டிருந்தார்கள்.

குருவி மேடைப் படிக்குக் கீழே கிடந்தாள். இடது காதிலிருந்து ரத்தம் கழுத்துக்கு ஓடியது. முன்கை கோணலாகத் திரும்பியிருந்தது. அவளுக்கு மேலே செயலாளர் மறுபடி மட்டையை ஓங்கிக்கொண்டு நின்றான்.

என் தம்பி யார் கண்ணையும் பார்க்கவில்லை. போன வேகத்தில் அடித்தான். கை நிற்கவில்லை. தாடை உடைந்த சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. செயலாளர் மட்டையைப் போட்டுவிட்டு மல்லாந்தான். குறுக்கே வந்த ஒருவனின் குழாயைத் தம்பி பிடுங்கி, அவன் தோளிலேயே இறக்கினான். மற்றவர்கள் ஓட்டம் பிடித்தார்கள். பிறகு அவன் திரும்பிச் செயலாளரின் மார்பில் ஏறி உட்கார்ந்தான். பையனின் கைகள் விரிந்து கிடந்தன. தம்பி அடித்தான். மறுபடி அடித்தான். பல் தெறித்தது. நான் தடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். தடுக்கவில்லை. குருவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அடிடா! விடாதே! கொல்லுடா அவனை!" என்று கத்தினேன். மனசாரத்தான் கத்தினேன்.

துறைத் தலைவர் அம்மா ஓடிவந்து அவன் முதுகில் கையை வைத்து, "போதும்பா. விழுந்துட்டான்" என்றார். தம்பி நின்றான். கையைப் பார்த்தான். முழங்கை வரை ரத்தம்.

குருவிக்கு எலும்பு கூடிவிடும் என்றார்கள். இடது காது இனிமேல் கேட்காது என்றார்கள். போலீஸ் வந்து சங்கத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போயிற்று. தம்பியிடம், பெண்ணைக் காப்பாற்றத்தான் அடித்தீர்கள், ஆனாலும் வழக்கு முடிகிறவரை ஊரை விட்டுப் போகாதீர்கள் என்றார்கள். வளாகமே அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. துறைத் தலைவர் அம்மா மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து, சொன்ன மாதிரியே அழுதுகொண்டே, "நாளையிலேருந்து வராதேப்பா" என்றார். நான் எகிறினேன். "எங்க குழந்தை செத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"விடுக்கா. அவன் விழுந்ததுக்கு அப்புறமும் அடிச்சேன்" என்றான் தம்பி.

குருவி எழுந்து உட்காரத் தொடங்கியதும் பிள்ளைகள் எல்லாரும் பார்க்க வந்தார்கள். கட்டும் பிளாஸ்திரியுமாக, நொண்டிக்கொண்டு. பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. குருவிதான் வாயைத் திறந்தாள். வலது காது மாமன் பக்கம் இருக்கும்படி தலையைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

"மாமா, அன்னிக்கு எங்க எல்லாருக்கும் கை நின்னுடுச்சு. உங்களாலதான்."

"தெரியும்டா."

"உங்களைக் குத்தம் சொல்லல. எங்களுக்கு நிஜமா அடிக்கச் சொல்லிக்குடுங்க. நீங்க அவனை அடிச்சீங்களே, அந்த மாதிரி. தாடை உடையணும்."

மற்ற பிள்ளைகள் தலையாட்டினார்கள். முழங்கால் போன ராஜா பையன்கூட, "வீட்டு மொட்டை மாடியில வெச்சுச் சொல்லிக்குடுங்க மாஸ்டர், யாருக்கும் தெரியாது" என்றான்.

"அதானே, சொல்லிக்குடுடா. இனி எவனும் கிட்ட வரக்கூடாது" என்றேன் நானும்.

தம்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அத்தனையும் அவன் வளர்த்த பிள்ளைகள். எழுந்து வெளியே போனான். ஏதாவது செய்துகொள்வானோ என்று பின்னாலேயே போனேன். அவன் மாடிப்படி ஏறினான். மேலே ஆண்கள் வார்டு. செயலாளரை அங்கேதான் போட்டிருந்தார்கள், காலைக் கட்டிலோடு விலங்கு போட்டு, பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் தூங்கி வழிய.

பையனின் தாடையைக் கம்பியால் இறுக்கியிருந்தார்கள். பக்கத்தில் பஸ் கண்டக்டர் சீருடையில் ஒரு அம்மா, வேலையிலிருந்து நேராக வந்திருப்பார் போல, தோளில் இன்னும் பை தொங்கியது. ஒரு கையால் மகன் தலையைத் தூக்கி, மறு கையால் பாலைப் பல் இடுக்கு வழியாகப் புகட்டப் பார்த்தார். பாதி கழுத்தில் வழிந்தது. நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, "காலேஜிலேருந்தா வரீங்க? கொஞ்சம் இவன் தலையைத் தாங்கிப் பிடிங்களேன், ஒத்தக் கையால முடியல" என்றார்.

தம்பி பிடித்தான்.

பையன் அவனைப் பார்த்தான். கண் பிதுங்கியது. தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது, உடம்பு நடுங்கிக் கட்டில் ஆடியது. பேச வாய் இல்லையே. அம்மா வலி என்று நினைத்துக்கொண்டார். "பயப்படாதடா கண்ணா. மாமா மெதுவாத்தானே பிடிச்சிருக்காரு" என்றார்.

அந்த வார்த்தை என் காதில் ஈயமாக விழுந்தது.

"அம்மா, இவனை அடிச்சது நான்தான்" என்றான் தம்பி.

அந்தம்மா பால் கிண்ணத்தை மேஜையில் வைத்தார். மகன் தலையைத் தம்பியின் கையிலிருந்து வாங்கித் தலையணையில் வைத்தார். அப்புறம் எழுந்து அறைந்தார். கன்னத்தில், வாயில், நெற்றியில். பையின் வார் முகத்தில் பட்டு உதடு கிழிந்தது. எந்த அடியையும் தூக்கத்தில்கூடத் தடுக்கத் தெரிந்தவன், கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். என்னால் பொறுக்க முடியவில்லை. "உன் பிள்ளையால என் பொண்ணுக்கு ஒரு காது போச்சு, தெரியுமா உனக்கு?" என்று கத்திக்கொண்டு குறுக்கே போனேன்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியும். அதை இவன் வாய் திறந்ததும் இவன்கிட்ட நான் கேட்டுக்கறேன்" என்றார். மூச்சு வாங்கியது. கை வலித்திருக்கும், இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். பிறகு அவர் உட்கார்ந்து கிண்ணத்தை எடுத்தார்.

"தலையைப் பிடி. இன்னும் பாதி இருக்கு" என்றார்.

தம்பி பிடித்தான். அவன் உதட்டு ரத்தம் பையன் மேல் சொட்டாமல் இருக்க முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டான். பையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினான். கிண்ணம் காலியானதும் அந்தம்மா மகன் கழுத்தைத் துடைத்துவிட்டு, பையைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நாளைக்கு எனக்குக் காலை டியூட்டி. அவனுக்கு வேற ஆள் இல்ல. நீ வந்து குடுத்துட்டுப் போ" என்றார் என் தம்பியிடம்.

"வரேம்மா" என்றான் அவன்.